முதல் நாற்பது நாள்

வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு நீடாமங்கலத்துக்கு அருகே இருக்கிறது. அங்கிருந்து சைக்கிளில் போய்விடும் தூரத்தில் ஒன்பது வயல்கள். நான்கு ஆண்டுகளாக, புரட்டாசியில் நடவு முடிந்த நாளிலிருந்து தை அறுவடை வரை, வாரம் ஒரு நாள் அந்த ஒன்பது வயல்களிலும் இறங்கி வருகிறேன். ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணி. நெல் வயலில் நெல்லைத் தவிர என்னென்ன வாழ்கின்றன என்று எண்ணி எழுதுவதுதான் வேலை.

கருவிகள் அதிகமில்லை. பிவிசி குழாயில் செய்த அரை மீட்டர் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று பக்கங்கள்தான். நான்காவது பக்கம் இருந்தால் வளர்ந்த பயிருக்குள் செருக முடியாது. துணி வலை ஒன்று, பூச்சிகளைப் போட்டு வைக்கச் சிறு குப்பிகள், ஒரு கைலென்ஸ், மழையில் நனையாத அட்டையில் செருகிய படிவங்கள். சட்டத்துக்குள் நிற்கும் களைகளைப் பெயர் வாரியாக எண்ண வேண்டும். பிறகு பத்துக் குத்துகளை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளை, அடியிலிருந்து நுனி வரை பார்த்துப் பூச்சிகளை எண்ண வேண்டும். கடைசியில் வரப்பு. ஒரு வயலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பனி ஈரம் இலையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டால் நல்லது. வெயில் ஏறினால் பாதிப் பூச்சிகள் தூருக்குள் இறங்கிவிடும்.

முதல் ஆண்டு, நடவு முடிந்த மூன்று வாரங்களுக்கு என் படிவங்கள் ஏறக்குறைய காலியாகவே இருந்தன. நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் தண்டு துளைப்பான் பூஜ்யம், இலைச்சுருட்டுப் புழு பூஜ்யம், புகையான் பூஜ்யம். இடுப்பு வலிக்கக் குனிந்து பார்த்துப் பூஜ்யங்களை எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு மேல் புகை போலக் கூட்டமாகச் சிறு ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. படிவத்தில் அவற்றுக்கு இடமில்லாததால் ஓரத்தில் “கொசு போன்றவை, நிறைய” என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தேன். முதல் மாதத்தை விட்டுவிட்டு ஐப்பசிக் கடைசியில் வந்தால் போதுமே என்றுகூடத் திட்டத்தில் இருந்தவர்களிடம் கேட்டேன். அப்படிக் கேட்டது எவ்வளவு பெரிய தவறு என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஈக்கள் கொசுக்கள் அல்ல. பார்க்கக் கொசு போலவே இருக்கும், கடிக்காது. அவற்றின் புழுக்கள் சேற்றுக்குள் சிவப்பு நூல் துண்டுகள் போல நெளியும். இரத்தப்புழு என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இவற்றைத்தான். நடவுக்கு முன் தண்ணீர் கட்டி உழும் சேடை உழவில் மடங்கிப்போன தாளும் எருவும் தண்ணீரில் மட்கத் தொடங்கியதும் நுண்ணுயிர்களும் பாசியும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று இந்தப் புழுக்கள் பெருகுகின்றன. புழுக்கள் ஈக்களாகி மேலெழும்பும்போது, அவற்றைப் பிடித்துத் தின்னச் சிலந்திகள் வந்து சேர்கின்றன. அந்த நேரத்தில் நெல்லைத் தின்னும் பூச்சி வயலில் அநேகமாக இல்லை. இருந்தும் காவல் நிரம்பிவிடுகிறது.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இதை வயல் வயலாக அளந்து காட்டினார்கள். வில்லியம் செட்டில் என்பவரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. மட்கும் பொருள் கூடுதலாக இட்ட வயல்களில், மட்கைத் தின்னும் பூச்சிகள் கூடின, அவற்றைத் தொடர்ந்து இரைவிழுங்கிகளும் கூடின. பருவத்தின் தொடக்கத்தில் யாருக்கும் நன்மையும் செய்யாத, தீமையும் செய்யாத பூச்சிகள்தாம் பின்னால் வரப்போகும் புகையானுக்கு எதிரான படைக்குச் சோறு போடுகின்றன. எங்கள் படிவத்தில் இருந்தது இரண்டே பிரிவுகள், நன்மை செய்பவை, தீமை செய்பவை. இந்தச் சோறு எந்தப் பிரிவிலும் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு புரட்டாசியில் அதே வயலில் இறங்கியபோது முட்டி போட்டுத் தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். ஓநாய்ச் சிலந்திகள் தண்ணீரின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன. வலை கட்டாதவை, துரத்திப் பிடிப்பவை. ஒரு பெண் சிலந்தி வெள்ளை உருண்டை ஒன்றைப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு குத்திலிருந்து அடுத்த குத்துக்குத் தாவியது. அந்த உருண்டைக்குள் முட்டைகள். குஞ்சுகள் வெளிவந்தால் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். நட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்த, இன்னும் பச்சை பிடிக்காத வயல் அது. சென்ற ஆண்டு அதே நாளில் அங்கே பூஜ்யம் எழுதியிருக்கிறேன்.

முதல் களை எடுப்பில்தான் அந்த வேலைக்கு வந்த பெண்கள் எனக்குப் பழக்கமானார்கள். அவர்கள் வரிசையாக முன்னே போக, நான் சட்டத்தோடு பின்னே போவேன். கூட்டத்தில் மூத்தவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் பாப்பா என்பார். நான் எழுதுவதை ஒரு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, “இதில் என்ன போட்டிருக்கிறாய், படித்துக் காட்டு” என்றார். படித்தேன். புல் வகை இத்தனை, கோரை வகை இத்தனை, அகன்ற இலைக் களை இத்தனை. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “அகன்ற இலை என்றால் எது? எல்லாவற்றுக்கும் இலை இருக்கிறதே” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பிடியை வரப்பில் போட்டுப் பிரித்துக் காட்டினார்.

ஆரை. நான்கு இலைகளைச் சக்கரம் போல விரித்து நிற்கும் கீரை. பூக்காது, காய்க்காது, பெரணி இனம். பொன்னாங்கண்ணி. கரிசலாங்கண்ணி. நீர்க்கிராம்பு. அடுத்ததைத் தொடும்முன் என் கையைத் தட்டிவிட்டார். நீர்மேல்நெருப்பு, இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்பளித்துவிடும். தண்ணீரில் நிற்கும் செடிக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவர், ஒரு முறையாவது அதனால் சுடுபட்டிருக்க வேண்டும். கோரையிலும் ஊசிக்கோரை, வட்டக்கோரை என்று பிரித்தார். களை எடுத்து முடித்ததும் ஆரையும் பொன்னாங்கண்ணியும் மடிக்குள் போய்விட்டன. அன்றிரவு அவர்கள் வீட்டில் அது குழம்போ கடையலோ ஆகியிருக்கும். என் படிவத்தில் அது களை, ஓர் அரை மீட்டர் சட்டத்துக்கு இத்தனை.

நடவு முடிந்த மூன்றாம் நாளே களைக்கொல்லியை மணலோடு கலந்து வீசும் வயல்கள் எங்கள் ஒன்பதில் ஐந்து. அங்கேயும் ஆரை முளைக்கத்தான் செய்கிறது, சீக்கிரம் சாகும் செடி இல்லை அது. ஆனால் அங்கே அதை யாரும் மடியில் கட்டுவதில்லை. “மருந்து பட்டது” என்று பெரியம்மா காலால் தள்ளிவிட்டுப் போனார். ஒரு செடி வயலில் இருந்துகொண்டே கீரையாக இல்லாமல் போவதை நான் எந்த எண்ணில் எழுதுவது என்று தெரியவில்லை. குறிப்பேட்டின் பின்பக்கத்தில், “இருக்கிறது, எடுக்கவில்லை” என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். களைக்கொல்லி வீசுகிறவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. களைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கும் பெண்களுக்கு விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், மருதாணியை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

குதிரைவாலிப் புல்லைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல் நாற்றுக்கும் அதற்கும் இளம் பருவத்தில் வேறுபாடு காண்பது கடினம். என் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வழி, இலையும் உறையும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்ப்பது. நெல்லுக்கு அங்கே வெண்ணிறச் சவ்வு ஒன்று நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கு இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்க, பெண்கள் நடந்தபடியே பிடுங்கிப் போட்டார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், “தெரிகிறதே” என்றுதான் பதில் வந்தது. அவர்கள் கண்ணுக்கும் தப்பியவை உண்டு, கதிர் வந்த பிறகுதான் அவை தலை காட்டின. நெல்லைப் போலவே நிமிர்ந்து வளர்ந்த ஒரு குதிரைவாலி, களை எடுப்பவரின் கண்ணிலிருந்து தப்பி விதை போடுகிறது. சாய்ந்து படர்ந்தது பிடுங்கப்படுகிறது. இது ஆண்டுக்கு ஆண்டு நடந்தால் என்ன ஆகும்? களை மெல்ல மெல்ல நெல்லின் வடிவத்துக்கு வந்து சேரும். ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ் பெயரால் இந்தப் பாவனையை அழைக்கிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் சேகரித்த குதிரைவாலிப் புற்களின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்த மாற்றம் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கலாம் என்று 2019இல் கண்டறிந்தார்கள். களை எடுத்த கைகளே அந்தப் புல்லை வளர்த்தெடுத்திருக்கின்றன. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “ஏமாற்றுகிறது என்று எங்களுக்குத் தெரியும்” என்றார்.

ஐப்பசி மழையில் இரண்டு மூன்று வாரங்கள் எண்ணவே முடியாது. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். மழை விட்ட இடைவெளியில் தட்டான்கள் கூட்டமாக வயலுக்கு மேல் பறக்கும். மஞ்சளும் பழுப்புமான அந்தப் பெரிய தட்டான் உலகில் மிக நெடுந்தூரம் வலசை போகும் பூச்சிகளில் ஒன்று. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் தரையின் மேல் நன்னீர் அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளில் தட்டான்கள் வந்து இறங்குவதைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். நீடாமங்கலத்தில் என் தலைக்கு மேல் பறப்பவையும் அந்தப் பயணத்தில் சேருமா என்று நான் சொல்ல முடியாது. ஆனாலும் மழைக்கால அட்டையில் “தட்டான்” என்று எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் எங்களுடைய ஆறாம் வயலில் மருந்து அடித்தார்கள். நட்டு இருபத்து நான்காம் நாள். இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. இலையை நீளவாக்கில் மடித்து உள்ளிருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும் புழு. தின்ற இலை வெள்ளைக் கோடுகளோடு வெளுத்துக் கிடக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் வயிறு எரியும். அந்த வயல்காரரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கடையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் சேதம் பத்து சதவீத இலைகளைத் தொடவில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் போனால்தான் மருந்து என்பது வேளாண் துறைக் கணக்கு. அதைச் சொன்னேன். “நீ எண்ணிவிட்டுப் போய்விடுவாய் அம்மா, நான் அறுக்க வேண்டும்” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஆனாலும் இளம்பயிரில் வரும் அந்தச் சேதம் பெரும்பாலும் விளைச்சலைத் தொடுவதில்லை. தூர் கட்டும் பயிர் புதிது புதிதாக இலை விட்டு ஈடு செய்துகொள்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஹியோங்கும் அவரோடு சேர்ந்து பணியாற்றிய எஸ்கலாடாவும் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1994இல் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். முதல் நாற்பது நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். துண்டறிக்கை, சுவரொட்டி, வானொலி நாடகம் என்று கொண்டுபோனார்கள். நம்பச் சொல்லவில்லை, வயலின் ஒரு பகுதியில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்றார்கள். விவசாயிகள் விட்டுப் பார்த்தார்கள், தெளிப்பு குறைந்தது.

மருந்து அடித்த மறுவாரம் ஆறாம் வயலில் பத்துக் குத்துகளிலும் தேடினேன். சிலந்தி ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்கு மேல் அந்தச் சிறு ஈக்களும் இல்லை. ஊசித்தட்டான்கள் மட்டும் பக்கத்து வயலிலிருந்து ஒன்றிரண்டு வந்து போயின. முந்தைய வாரம் என் கழுத்தில் ஏறிய ஆரஞ்சும் கறுப்புமான சிறு வண்டைத் தெரியாமல் நசுக்கி, தோல் வெந்தது போலக் கொப்பளித்திருந்தது. அந்த வண்டும் தத்துப்பூச்சிகளைத் தின்பதுதான். காயம் ஆறும்முன் அதன் இனத்தை அந்த வயலில் காண முடியவில்லை.

மார்கழியில் புகையான் வந்தது. அரிசி மணி அளவுகூட இல்லாத பழுப்பு நிறத் தத்துப்பூச்சி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரைச் சுற்றி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் பொரி போல உதிரும். கண்ணுக்குத் தெரியும்போது வயலின் நடுவே வட்டமாகப் புகைந்து காய்ந்திருக்கும், பெயரும் அதனால்தான். எந்த அளவுக்கு மேல் மருந்து அடிக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வரம்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் என்பது வரம்பு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். கணக்குக்குள்ளேயே சிலந்திக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பூச்சியை மட்டும் எண்ணிவிட்டுச் சிலந்தியை எண்ணாமல் வந்தால், பாதி வாக்கியத்தைப் படித்ததாகத்தான் பொருள்.

ஆறாம் வயலில் மூன்று இடங்களில் வட்டம் விழுந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த நான்காம் வயலிலும் புகையான் இருந்தது, வட்டம் விழவில்லை. அங்கே ஒரு குத்தைத் தட்டியபோது புகையானோடு சேர்ந்து பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் விழுந்தன. புகையான் முட்டைகளை இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கிறது, தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவது அரிது. அந்த நாவாய்ப்பூச்சியோ தன் ஊசி மூக்கை உறைக்குள் செலுத்தி முட்டையை உறிஞ்சிவிடும். மருந்து பூச்சியைக் கொன்று முட்டையை விட்டுவைக்கிறது, முட்டை பொரிக்கும்போது காவலும் இல்லை. தெளித்த வயலில் புகையான் முன்னைவிடப் பெருகுவது இப்படித்தான். இந்தோனேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1986இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்குப் புகையான்தான் காரணம்.

இரண்டு வயல்களை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆறாம் வயலில் ஆந்திரா பொன்னி, புகையானுக்குத் தாங்காத ரகம். யூரியாவும் கூடுதல். நான்காம் வயலில் எட்டடிக்கு ஓரடி இடத்தை நடாமல் பட்டமாக விட்டு நட்டிருந்தார்கள், காற்றும் வெளிச்சமும் தூர் வரை இறங்கின. இவை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கும். ஆனால் புரட்டாசிப் படிவத்தையும் மார்கழிப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, சேதம் தொடங்கிய நாள் மார்கழியில் இல்லை என்பது தெரியும்.

சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் பதில் காலடியில் இருக்கிறது. வரப்பு. வயல் உழுது சேறாகும்போது உயிர் பிழைத்து ஒதுங்க வேறு இடம் கிடையாது. வரப்பில் நான் எழுதியவற்றில் அறுகு, பொடுதலை, தும்பை, கீழாநெல்லி, நீர்முள்ளி, கானாவாழை எல்லாம் உண்டு. நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி அண்டை வெட்டும்போது இவை எல்லாம் மண்வெட்டிக்குப் போய்விடும். அண்டை வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நண்டு வளையும் எலி வளையும் அடைபட வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. வரப்புப் புல்லில் கதிர்நாவாய்ப்பூச்சியும் தங்கும் என்பதை நானே எண்ணியிருக்கிறேன். அதனால் வரப்பை அப்படியே காடாக விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேன் உள்ள பூக்களை வரப்பில் வளர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் நடந்தது. 2016இல் வெளியான அதன் முடிவில், மருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நம்மூரில் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எள்ளும் அங்கே வரும்.

இந்தத் தையில் ஆறாம் வயல் அறுவடைக்கு நான் போயிருந்தேன். உளுந்தை ஒரு வாரம் முன்பே ஈரத்தில் தெளித்துவிட்டார்கள், தாளுக்கு இடையில் முளை தெரிந்தது. அறுவடை இயந்திரம் கிழக்கு மூலையிலிருந்து சுற்றத் தொடங்கியது. நிற்கும் பயிர் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கச் சுருங்க, கொக்குகள் இயந்திரத்தின் பின்னாலேயே நடந்தன. நான் மேற்கு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெட்டுக்கிளிகள் வந்து விழுந்தன. பிறகு, கடைசி இரண்டு சுற்றுகளின்போது, ஓநாய்ச் சிலந்திகள் தாளைத் தாண்டி வரப்புப் புல்லுக்குள் ஓடி வந்தன. முதுகில் குஞ்சுகளைச் சுமந்தபடி இரண்டு. அண்ணன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். இது எதைத் தின்னும் என்று கேட்டார், சொன்னேன். புகையானையுமா என்றார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. வரப்பில் எள் தூவினால் எலி வருமா என்று கேட்டார். வராது என்று உறுதி சொல்ல முடியவில்லை, ஒரு வரப்பில் மட்டும் தூவிப் பார்க்கலாம் என்றேன். எந்த வரப்பு என்று இரண்டு பேரும் எழுந்து சுற்றிப் பார்க்கப் போனோம்.